தம்பதி சமேதராய்ப் போர்ட் பிளேயர்

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கப்பலில் என்றால் ஏறத்தாழ மூன்று நாள். எதில் வந்தாலும் அந்தமான் தேனிலவு தொடங்குவது போர்ட் பிளேயரில்தான். 2024 செப்டம்பரில் மத்திய அரசு இந்தத் தலைநகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியது. ஊரார் வாயில் பழைய பெயரும் சேர்ந்தே புழங்குகிறது.

பயண ஏற்பாட்டாளர்களின் அட்டவணையில் இந்த ஊருக்கு விழும் பங்கு மிகச் சிறியது. இறங்கிய அன்று செல்லுலார் சிறை, மறுநாள் காலையில் ஹேவ்லாக் தீவுக்குக் கப்பல். வெண்மணல் கடற்கரையும் நீருக்கடியில் எடுக்கும் புகைப்படமும் அங்கேதான் இருக்கின்றன என்பதால் புதுமணத் தம்பதிகளுக்கு அங்கே போகத்தான் அவசரம். மதுரையோ கோவையோ திருநெல்வேலியோ, எந்த ஊர் ஜோடியானாலும் போர்ட் பிளேயருக்கு ஒரு முழுப் பகலைக் கொடுத்தே ஆக வேண்டும். கைதிகளுக்காகக் கட்டப்பட்ட இந்த ஊரின் சரித்திரம் நெடுகக் கணவன் மனைவி கதைகள் கிடக்கின்றன. வழிகாட்டிகள் பெரும்பாலும் அவற்றைச் சொல்வதில்லை.

தமிழ் சினிமாவும் இந்தத் தீவைப் பார்த்த பார்வையை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. 1952-ல் எம்.ஜி.ஆர். நடித்த படத்தின் பெயர் 'அந்தமான் கைதி'. 1978-ல் சிவாஜியும் சுஜாதாவும் நடித்தது 'அந்தமான் காதலி'. அதற்குப் பிறகு 1996-ல் மோகன்லாலும் பிரபுவும் நடித்த 'சிறைச்சாலை' மறுபடி பழைய தழும்புகளைத் திறந்து காட்டியது. கைதியும் காதலியும் ஒரே ஊரில் இருந்த காலம் ஒன்று உண்டு. அது சினிமாவுக்கு வெகு முந்தையது.

ஒரு நடைமுறைச் செய்தியை முதலில் சொல்லிவிட வேண்டும். கடிகாரம் இந்திய நேரத்தைக் காட்டினாலும் தீவு கிடப்பது பர்மாவுக்குப் பக்கத்தில். கோடையில் காலை ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்து மணி சுமாருக்குச் சூரியன் மறைந்துவிடும். தேனிலவுதானே என்று ஒன்பது மணிக்கு எழுந்திருப்பவர்கள் பாதிப் பகலைத் தொலைத்துவிடுவார்கள்.

ஆகவே முதல் படகு. நீர் விளையாட்டு வளாகத்தின் படகுத் துறையிலிருந்து பார்த்தால் கண்ணெதிரே தெரிகிறது ராஸ் தீவு. 2018 டிசம்பர் 30 முதல் அதன் பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. புதன்கிழமைகளில் வழக்கமாக அங்கே அனுமதி கிடையாது என்பதை நாள் குறிக்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு சதுர கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாத இந்தத் துண்டு நிலத்திலிருந்துதான் 1858 முதல் ஆங்கிலேயர்கள் அந்தமான் முழுவதையும் ஆண்டார்கள். தலைமை ஆணையர் மாளிகை, தேவாலயம், ரொட்டி அடுமனை, அச்சகம், நடன மண்டபம், கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் ஆலை என்று ஒரு சீமை ஊரையே இங்கே எழுப்பினார்கள். எதிர்க்கரையில் கைதிகள் காடு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

1941 ஜூன் 26-ல் வந்த பெரும் நிலநடுக்கம் கட்டடங்களை உலுக்கியது. அடுத்த ஆண்டு மார்ச் 23-ல் ஜப்பானியர் வந்து இறங்கினார்கள். அவர்கள் கட்டிய பதுங்கு குழிகள் கரையோரம் இன்னும் இருக்கின்றன. போருக்குப் பிறகு தீவில் யாரும் குடியேறவில்லை. அத்தி இனத்து மரங்கள் சுவர்களின் மேல் ஏறி, வேர்களால் செங்கல்லைச் சுற்றிப் பிடித்துக்கொண்டன. பல இடங்களில் கூரை போய்விட்டது. வேர் பிடித்திருப்பதால்தான் சுவர் நிற்கிறது. இடையிடையே புள்ளிமான்கள் பயமில்லாமல் வந்து கையை மோந்து பார்க்கின்றன. ஜோடிகள் படம் எடுத்துக்கொள்ள இதைவிட நல்ல இடம் போர்ட் பிளேயரில் கிடையாது. படம் எடுத்து முடித்ததும் மேட்டில் ஏறிக் கிழக்குக் கரைக்குப் போக வேண்டும். பாதிப் பேர் அங்கே போகாமலே படகுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

இந்தத் துறைமுகத்தைச் சுற்றிப் பார்க்க வந்த தம்பதிகளிலேயே உலகறிந்த ஜோடி ஒன்று உண்டு. அந்த நாள் 1872 பிப்ரவரி 8. இந்தியாவின் வைஸ்ராய் மேயோ பிரபுவும் அவர் மனைவி பிளாஞ்ச் சீமாட்டியும் பர்மாவைப் பார்த்துவிட்டு, 'கிளாஸ்கோ' என்ற போர்க்கப்பலில் காலையில் இங்கே வந்து சேர்ந்தார்கள். கைதிகள் குடியிருப்பைச் சீர்திருத்த வேண்டும் என்று மேயோ நினைத்திருந்தார். ராஸ் தீவு, வைப்பர் தீவு, சாத்தம் தீவு என்று அன்று அவர் பார்த்த இடங்களின் பட்டியல் இன்றைய சுற்றுலா அட்டவணையோடு அப்படியே பொருந்துகிறது. மிகக் கொடியவர்கள் என்று கருதப்பட்ட கைதிகள் இருந்தது வைப்பர் தீவில். அங்கே காவல் பலமாக இருந்தது; ஆபத்து எதுவும் நேரவில்லை. எல்லாம் முடிந்தபோது இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. எதிர்க்கரையில் ஹேரியட் மலை. நோயாளிகள் தங்கி உடம்பு தேற அது ஏற்ற இடமா என்று பார்க்க விரும்பினார் மேயோ. அன்றைய திட்டத்தில் இல்லாத பயணம் அது.

மலையேறி, உச்சியில் உட்கார்ந்து, கடலில் சூரியன் இறங்குவதைப் பார்த்தார். இருட்டியபின் தீவட்டி வெளிச்சத்தில் கீழே வந்தார்கள். அடிவாரத்தில் ஹோப்டவுன் படகுத் துறை. படகில் ஏறப்போன நேரத்தில் இருளிலிருந்து பாய்ந்து வந்த ஒருவன் வைஸ்ராயின் முதுகில் கத்தியை இறக்கினான். அவன் பெயர் ஷேர் அலி அஃப்ரிடி. பெஷாவரில் ஆங்கிலேயரிடமே ஊழியம் பார்த்தவன். குடும்பப் பகையில் செய்த கொலைக்காக 1867-ல் தண்டிக்கப்பட்டுத் தீவாந்தரம் வந்தவன். ஹோப்டவுனில் மற்றக் கைதிகளுக்கு முடிதிருத்தும் வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

துறைமுகத்தின் நடுவே கப்பலில் விளக்கேற்றி, விருந்தினரோடு இரவு உணவுக்குக் கணவனை எதிர்பார்த்துக் காத்திருந்தார் பிளாஞ்ச். படகில் வந்தது உடல்தான். அந்த உடல் அயர்லாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. ஷேர் அலி மார்ச் 11-ல் தூக்கிலிடப்பட்டான். தூக்கு நடந்த இடம், மேயோ அன்று பார்த்துவிட்டுப் போன அதே வைப்பர் தீவு. தூக்குமேடைக் கட்டடம் அந்தத் தீவின் மேட்டில் இப்போதும் இருக்கிறது. பதவியில் இருந்தபோது கொலையுண்ட ஒரே வைஸ்ராய் மேயோ. நம் பள்ளிப் புத்தகங்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. ஒரு சாம்ராஜ்யத்தின் உச்சியிலிருந்தவரையும் அதன் அடிமட்டத்தில் கிடந்தவனையும் ஒரு படகுத் துறையில் நேருக்கு நேர் நிறுத்திய சம்பவத்துக்கு ஒரு வரி போதாது.

அந்த ஹேரியட் மலைக்கே ஒரு மனைவியின் பெயர்தான். 1862 முதல் 1864 வரை இங்கே கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் டைட்லரின் மனைவி ஹேரியட். 1857-ல் டெல்லி முற்றுகையின்போது முகாமில் ஒரு வண்டியிலேயே பிள்ளை பெற்றவர் அவர். முற்றுகை முடிந்தபின் கணவனும் மனைவியும் ஒளிப்படக் கலை கற்று, டெல்லி, லக்னோ என்று கிளர்ச்சி நடந்த நகரங்களின் இடிபாடுகளைப் படம்பிடித்தார்கள். இந்தியாவின் ஆரம்பகால ஒளிப்படங்களில் இத்தம்பதியின் படங்களுக்குத் தனி இடம் உண்டு. 2021 அக்டோபரில் மலைக்கு மணிப்பூர் மலை என்று பெயர் வந்தது. 1891-ல் ஆங்கிலேயரோடு போரிட்டுத் தோற்ற மணிப்பூர் மன்னர் குலசந்திர சிங்கையும் அவரோடு இருந்தவர்களையும் நாடு கடத்தி இங்கேதான் வைத்திருந்தார்கள்.

படகுக் கம்பெனிகள் ராஸோடு நார்த் பேயையும் சேர்த்தே சீட்டு விற்கின்றன. பவளப் பாறைகள், கண்ணாடி அடிப்பலகைப் படகு, கடலடி நடை எல்லாம் நார்த் பேயில் உண்டு. கூட்டமும் உண்டு. ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் பவளத்தைப் பார்க்கத்தான் போகிறோம் என்றால், நார்த் பேயை விட்டுவிட்டு மலைக்குப் போவதே மேல். சாத்தத்திலிருந்து வண்டிகளையும் ஏற்றிக்கொள்ளும் படகில் பாம்பூ பிளாட்டில் இறங்கி, அங்கிருந்து ஜீப்போ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். மேலே போகும் பாதையில் ஓர் இடத்தில் எல்லாரும் பர்ஸைத் திறக்கிறார்கள். பழைய 20 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் தென்னைகளுக்கு நடுவே ஒரு கலங்கரை விளக்கம் இருக்குமே, அந்தக் காட்சி இங்கிருந்து தெரிவதுதான்.

படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் சாத்தம் மர அறுவை ஆலைக்குள் ஒரு நடை போய்வரலாம். 1883-ல் தொடங்கியது, ஆசியாவின் மிகப் பழைய, மிகப் பெரிய ஆலைகளில் ஒன்று. ரத்தச் சிவப்பான படாக் மரம் பலகையாகி வெளியே வரும்போது எழும் வாசனையை அனுபவித்தே தெரிந்துகொள்ள வேண்டும். உலகப் போரில் குண்டு விழுந்த பள்ளத்தை அப்படியே வேலியிட்டு வைத்திருக்கிறார்கள்.

மதியச் சாப்பாடு அபர்தீன் பஜாரில். மணிக்கூண்டைச் சுற்றிய தெருக்களில் மீன் குழம்புச் சாப்பாடும் தோசையும் கேட்ட இடத்தில் கிடைக்கும். கடைக்காரரிடம் இந்தியில் தடுமாறிக்கொண்டிருக்கும் ஜோடிக்கு, "சாப்பாடா, டிபனாண்ணே?" என்று தமிழில் பதில் வருவது இங்கே சர்வசாதாரணம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தத் தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 58,000 பேர், அதாவது நூற்றுக்குப் பதினைந்து பேர். வங்காளிக்கும் இந்திக்கும் அடுத்த இடம் தமிழுக்கு. வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களில் சிலரை நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள்.

ஒரு தமிழர் இந்தத் தீவுகளுக்கு ஆளுநராகவே நியமிக்கப்பட்டு வந்திருக்கிறார். 1943 டிசம்பர் 30-ல் நேதாஜி போர்ட் பிளேயரில் மூவர்ணக் கொடி ஏற்றினார். அதன் தொடர்ச்சியாக 1944-ல் அவருடைய ஆசாத் ஹிந்த் அரசின் சார்பில் வந்தவர் இந்திய தேசிய ராணுவத்தின் மேஜர் ஜெனரல் ஏ.டி. லோகநாதன். ஆற்காடு துரைசாமி லோகநாதன் என்பது முழுப் பெயர்; தொழிலால் மருத்துவர். பதவி இருந்ததே தவிர அதிகாரம் ஜப்பானியரிடமே இருந்தது. அவர் வருவதற்குச் சற்று முன்புதான், 1944 ஜனவரி 30-ல், ஒற்றர்கள் என்று குற்றம்சாட்டி 44 இந்தியர்களை ஹோம்ஃப்ரேகஞ்சில் ஜப்பானியர் சுட்டுக்கொன்றிருந்தார்கள். சில மாதங்களிலேயே லோகநாதன் திரும்பிப் போனார். சென்னை மாகாணத்திலிருந்து வந்த இந்த மனிதரின் பெயர் இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லப்படாமல் இருப்பது பெரிய குறை.

அபர்தீன் என்ற பெயரோடு ஒட்டிய வேறொரு கணவன் மனைவி கதை கேட்கக் கசப்பானது. 1858 மார்ச் 10-ல் டாக்டர் ஜே.பி. வாக்கர் 200 கைதிகளோடு இங்கே வந்து இறங்கினார். தப்பியோடிப் பிடிபட்டவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோரை ஒரே நாளில் தூக்கிலிட்டவர் அவர். ஓடியவர்களில் தூத்நாத் திவாரி என்ற சிப்பாய்க் கைதி, காட்டில் அம்படிபட்டும் உயிர் தப்பினான். கிரேட் அந்தமானியர்கள் அவனைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். லீபா என்ற பெண்ணை மணம் செய்து கொடுத்தார்கள். ஓராண்டுக்கும் மேல் அவன் அவர்களுள் ஒருவனாகக் காட்டில் திரிந்தான். 1859 மே மாதம் அவர்கள் வில்லும் அம்புமாகத் திரண்டு குடியிருப்பைத் தாக்கத் திட்டமிட்டபோது, கர்ப்பிணி மனைவியை விட்டுவிட்டு ஓடிவந்து ஆங்கிலேயரிடம் செய்தி சொன்னான். மே 17-ல் நடந்த அபர்தீன் சண்டையில் துப்பாக்கிகள் தயாராகக் காத்திருந்தன. திவாரிக்கு மன்னிப்புக் கிடைத்தது, ஊர் திரும்பினான். லீபா என்ன ஆனாள் என்று அரசாங்கக் குறிப்பு எழுதியவர்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று ஆயிரக்கணக்கில் இருந்த அவளுடைய மக்கள் இன்று ஸ்ட்ரெயிட் தீவிலும் போர்ட் பிளேயரிலுமாக ஐம்பது சொச்சம் பேர். 'போ' மொழியைப் பேசிய கடைசி மனுஷியான போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்தார். சண்டையின் நினைவுச்சின்னம் கடற்கரைப் பூங்காவை ஒட்டியே நிற்கிறது. படகு ஏறப் போகும் எல்லா ஜோடிகளும் அதைக் கடந்துதான் போகிறார்கள்.

மதியத்துக்குமேல் கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்கு வண்டி போகும் கடலோரச் சாலையில் சவுத் பாயிண்ட் வருகிறது. 2018-ல் பிரதமர் ஏற்றிய 150 அடிக் கம்பத்துக் கொடியைப் பார்க்க அந்தப் பக்கம் வண்டிகள் நிற்பதுண்டு. இந்த ஊரின் உண்மையான கல்யாண மண்டபம் அங்கேதான் இருந்தது. பெண்கள் சிறை.

1860 வாக்கிலிருந்து பெண் கைதிகளும் தீவாந்தரம் அனுப்பப்பட்டார்கள். ஆண் கைதி பத்தாண்டு தண்டனை உழைப்பை முடித்தால் அனுமதிச் சீட்டு கிடைக்கும். கிராமத்தில் நிலம் பயிரிடலாம், மாடு வளர்க்கலாம், ஊரிலிருந்து குடும்பத்தை வரவழைக்கலாம், இல்லையென்றால் இங்கேயே மணம் செய்துகொள்ளலாம். தீவை விட்டு மட்டும் போக முடியாது. பெண் கைதி ஐந்தாண்டு முடித்தால் திருமணத்துக்குத் தகுதி பெறுவாள். தகுதி பெற்ற பெண்களைச் சிறை முற்றத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். ஆண் வந்து பார்ப்பான், பேசுவான். பெண்ணுக்குப் பிடிக்காவிட்டால் மறுக்கலாம். இருவருக்கும் சம்மதம் என்றால் அதிகாரி பதிவு செய்துகொள்வார்.

நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலத்தில் சுற்றம் உண்டு, ஜாதகம் உண்டு, பஜ்ஜி சொஜ்ஜி உண்டு. சவுத் பாயிண்டில் இவற்றில் எதுவுமில்லை. பஞ்சாபிக்கு வாக்கப்பட்டவள் வங்காளத்துக்காரியாக இருப்பாள்; இருவருக்கும் பொதுவான மொழி சிறையில் பழகிய இந்துஸ்தானி மட்டுமே. சொந்த ஊரில் இவர்களின் சாதிகள் சந்தித்தே இருக்காது. ஆண்களின் எண்ணிக்கை பல மடங்கு அதிகம் என்பதால் பெரும்பாலானவர்களுக்கு அந்த முற்றமும் வாய்க்கவில்லை. அவமானமும் ஆறுதலும் கலந்த அந்த மணங்களில் பிறந்த பிள்ளைகளை 'லோக்கல் பார்ன்' என்று பதிவேடுகள் குறித்தன. அவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் போர்ட் பிளேயரில் கடை நடத்துகிறார்கள், பள்ளியில் பாடம் நடத்துகிறார்கள். முப்பாட்டன் என்ன சாதி என்று இங்கே தோண்டிக் கேட்பவர் குறைவு. எண்ணிப் பார்த்தால், இந்த ஊரை ஊராக்கியவர்கள் ஆங்கிலேய அதிகாரிகள் அல்லர், அந்த முற்றத்தில் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்த்துக்கொண்ட ஜோடிகள். சவுத் பாயிண்டில் இதைச் சொல்லும் பலகை ஒன்று வைத்தால் நன்றாயிருக்கும்.

செல்லுலார் சிறைக்கு வெயில் தாழ்ந்ததும் போகலாம். 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்தார்கள். நடுவே கோபுரம், அதிலிருந்து பிரிந்து ஏழு கட்டடங்கள், 693 தனி அறைகள். ஓர் அறை பதின்மூன்றரை அடி நீளம், ஏழரை அடி அகலம். ஒரு கட்டடத்தின் முகம் அடுத்ததன் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள். கைதிகள் ஒருவரையொருவர் பார்க்கவே கூடாது என்பது திட்டம். செக்கில் மாடு போல மனிதனைப் பூட்டி நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்ட வைத்தார்கள். ஏழில் இப்போது மிஞ்சியிருப்பவை மூன்று. 1979 பிப்ரவரி 11-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய் இதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்.

வ.உ.சி. வந்திருக்க வேண்டிய இடம் இது. 1908-ல் திருநெல்வேலியில் அவருக்கு விதிக்கப்பட்டது இரட்டை ஆயுள் தீவாந்தர தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. அதற்காகப் பணம் திரட்டவும் மனுப் போடவும் அலைந்தவர்களில் அவர் மனைவி மீனாட்சி அம்மாளும் ஒருவர். செக்கிழுத்தது கோவைச் சிறையில்.

சாவர்க்கரின் அறையைத்தான் எல்லாரும் தேடிப் போகிறார்கள். உல்லாஸ்கர் தத்தைப் பற்றியும் வழிகாட்டியிடம் கேட்க வேண்டும். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் 1909-ல் தூக்குத் தண்டனை பெற்று, பிறகு அது ஆயுள் தண்டனையாகி இங்கே வந்த இளைஞர். கையில் விலங்கிட்டுச் சுவரோடு நிற்க வைத்த நாட்களில், கடும் காய்ச்சலில், அவர் மனம் பேதலித்தது. சென்னையில் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1920-ல் விடுதலை. இளமையில் அவர் நேசித்தவர் விபின் சந்திர பாலின் மகள் லீலா. லீலாவுக்கு வேறு இடத்தில் மணமாகிவிட்டிருந்தது. ஆண்டுகள் ஓடின. லீலா விதவையானார், நடமாட முடியாதபடி உடல் முடங்கினார். 1948-ல், அறுபது வயதைத் தாண்டிய உல்லாஸ்கர் அவரையே மணந்துகொண்டார்.

இருட்டியபின் சிறை முற்றத்தில் ஒலி ஒளிக் காட்சி. ஓம் புரியின் குரலில் அரச மரம் கதை சொல்லும். இந்திக் காட்சிக்கும் ஆங்கிலக் காட்சிக்கும் நேரம் வேறு. சீசன் நாட்களில் சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. தீவுகளில் இத்தனை தமிழர் இருக்கும்போது ஒரு தமிழ்க் காட்சியும் இருக்கலாம் என்ற கோரிக்கையை நிர்வாகம் பரிசீலிக்கலாம்.

காட்சி முடிந்ததும் விடுதிக்குப் போய்ப் பெட்டியைக் கட்டிவிட வேண்டும். ஹேவ்லாக் கப்பல் காலையில் ஹேடோ துறைமுகத்திலிருந்து கிளம்பும். அதற்கு வெகு முன்பே அடையாள அட்டையோடு வரிசையில் நிற்கச் சொல்வார்கள். திரும்பி வரும்போது இன்னொரு பகல் கையிருப்பில் இருந்தால், நகரத்திலிருந்து 25 கிலோமீட்டர் தெற்கே சிடியா டாப்புவில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம். டிசம்பர் மாதம் என்றால் மூன்று மணிக்கே வண்டி ஏறிவிட வேண்டும்.